'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போனவள்: முடியாத முடிவுக்கு எப்படிப் பொருள்கொள்வது?

"சேர்ந்தாங்களா, இல்லையா?" படம் முடிந்து அரங்கில் விளக்கு எரிந்ததும் பக்கத்து இருக்கையிலிருந்து வரும் முதல் கேள்வி இதுதான். பள்ளி, கல்லூரி வயதுக் காதலைச் சொல்லும் படமாக இருந்து, கடைசிக் காட்சி பாதியில் இருண்டுவிட்டால் கேள்வி இன்னும் உரக்க வரும். வீடு திரும்பும் ரயிலில் நாலு நிறுத்தம் வரை பேசிவிட்டு மறந்துவிடுபவருக்கு எந்தப் பதிலும் சரிதான். ஆனால் நூலகத்தில் திரைப்படக் கலந்துரையாடலை வழிநடத்துபவர், ஏப்ரலில் சிங்கப்பூரின் தமிழ் மொழி விழாவையொட்டிப் படம் திரையிட்டுக் கேள்வி பதில் நடத்துபவர், தொடக்கக் கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) விமர்சனக் கட்டுரை எழுதும் மாணவர் போன்றோர் ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும். "அது அவரவர் பார்வை" என்பது பதில் இல்லை, நழுவல்.

நிற்பதற்கு இடம் நான்கு உண்டு. சேர்ந்தார்கள் என்பது ஒன்று. பிரிந்தார்கள் என்பது இன்னொன்று. கடைசிக் காட்சியே நினைவோ கற்பனையோதான் என்பது மூன்றாவது. படம் வேண்டுமென்றே விடை தரவில்லை என்பது நான்காவது. இயக்குநரையே கேட்டுவிடலாமே என்ற குறுக்குவழியும் உண்டு. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2018இல் வந்த '96' படத்தில் நாயகி ஜானு கடைசியில் விமானம் ஏறி சிங்கப்பூருக்கே, தன் குடும்பத்திடமே திரும்பிவிடுகிறாள். இங்கே பார்த்தவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறைத்திருக்கும். ஆனாலும் அந்த முடிவில் ஐயத்துக்கு இடமில்லை. பிடிக்காத முடிவு வேறு, தெளியாத முடிவு வேறு. பிரித்தறிய எளிய வழி: படம் பார்த்த இரண்டு பேரிடம் கடைசிக் காட்சியில் என்ன நடந்தது என்று மட்டும் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். ஏன் நடந்தது, நல்லதா கெட்டதா என்பதெல்லாம் வேண்டாம். இருவரும் ஒன்றையே எழுதினால் முடிவு தெளிவானது. மிச்சம் இருப்பது வருத்தம்தான். வெவ்வேறாக எழுதினால் மேலே படியுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் வேண்டும். உள்ள படத்தை எடுத்தால் அதன் மேல் ஏற்கெனவே உள்ள விருப்பு வெறுப்பு குறுக்கே வரும். ஆகவே பயிற்சிக்காக ஒன்றை நாமே கட்டிக்கொள்வோம்.

கவின், மீரா. இருவருக்கும் 18 வயது, ஒரே தொடக்கக் கல்லூரி. முதல் காட்சியில் கல்லூரி வாசல் பேருந்து நிறுத்தம். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணி அடிக்கிறார், வானம் இருட்டுகிறது, மழை கொட்டுகிறது. கவின் தன் குடையை மீராவிடம் நீட்டுகிறான். அதன் கம்பி ஒன்று ஒடிந்து வெள்ளை நூலால் கட்டியிருக்கிறது. அதைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். குடை அவளிடமே தங்கிவிடுகிறது. நடுப்படத்தில் சண்டை, மீரா "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள், பல நாள் பேச்சில்லை. சமாதானம் ஆகும் காட்சியில் அவள் அந்தக் கம்பியைச் சிவப்பு நூலால் மறுபடி கட்டியிருக்கிறாள். பிப்ரவரியில் மெல்பர்னுக்கு மூன்றாண்டுப் படிப்புக்குப் புறப்படுகிறாள். சாங்கி விமான நிலையத்தில் குடை அவள் பையின் பக்கவாட்டில் செருகியிருக்கிறது. வாசலில் திரும்பி நின்று, "சரி... பார்க்கலாம்" என்கிறாள். அடுத்து கவின் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, படகில் தெக்கோங் தீவுக்குப் போகிறான். கைப்பேசியில் ஏதோ தட்டுகிறான், அழிக்கிறான். கடைசிக் காட்சி: அதே பேருந்து நிறுத்தம், மாலை, மழை. விளம்பரப் பலகையில் கிறிஸ்துமஸ் விளம்பரம். கவினின் முதுகு, முடி காதை மூடி வளர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் கை, சிவப்பு நூல் கட்டிய குடையை விரிக்கிறது. முகம் தெரியவில்லை. மீராவின் சிரிப்பு கேட்கிறது. திரை இருள்கிறது.

பார்க்கும் முறை

முடிவைப் பற்றிப் பேசுமுன் கடைசிப் பதினைந்து நிமிடத்தை மூன்று முறை பாருங்கள். ஒருமுறை சாதாரணமாக. ஒருமுறை ஒலியை முழுதாக நிறுத்திவிட்டு. ஒருமுறை திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும், காதொலிக் கருவி மாட்டிக்கொண்டு. பிறகு படத்தின் முதல் பதினைந்து நிமிடத்தை இன்னொரு முறை. இளையோர் வளர்ந்து முதிரும் கதைகளில் முடிவுக்கான சாவி பெரும்பாலும் முதல் காட்சியில்தான் கிடக்கும். குடையை முதலில் பார்க்கும்போது அது வெறும் குடை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரத்தைக் குறித்து, யார் தெரிகிறார், என்ன கையில் இருக்கிறது, என்ன கேட்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு பக்கம் வரும்.

தவறு நடக்கும் இடங்கள் சில. இணையத் தளங்களில் பெயர்ப்பட்டியல் தொடங்கியதும் படம் மூலைக்குச் சுருங்கி அடுத்த படம் ஓடத் தொடங்கிவிடும். தானாக அடுத்ததை ஓட்டும் வசதியை முதலில் நிறுத்துங்கள். பெயர்ப்பட்டியலின்போது ஓடும் பாட்டுக்குப் பல படங்களில் சப்டைட்டில் இருக்காது, ஆனால் முடிவுக்கான வரி அதில் இருக்கக்கூடும். பார்த்த பிரதி எது என்பதும் முக்கியம். அரங்கில் ஒரு நீளம், தளத்தில் வேறு நீளம் என்றால் வெட்டு இருக்கலாம்; குறைந்த வயதுத் தரம் பெறுவதற்காகச் சில நொடிகளை வெட்டும் வழக்கம் உண்டு. ஆனால் அவசரப்பட வேண்டாம். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தை 25 பிரேமாக ஓட்டும் பழைய தொலைக்காட்சி முறையில் 120 நிமிடப் படம் ஏறக்குறைய 115 நிமிடத்தில் முடிந்துவிடும். எதுவும் வெட்டுப்படாமலே ஐந்து நிமிடம் காணாமல் போவது இப்படித்தான்.

சேர்ந்தார்கள் என்றால்

இந்தக் கட்சிக்குச் சாட்சி பலமானது. குடை மீராவோடு மெல்பர்ன் போய்விட்டது. அது இப்போது பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறதென்றால் அவளும் வந்திருக்கிறாள். முடியும் பேசுகிறது. சென்னையில் பார்ப்பவருக்கு அது வெறும் முடி. இங்கே அது நாட்காட்டி. தேசிய சேவையில் இருக்கும் பையனுக்குக் காதை மூடும் முடி வளராது. முழுநேரச் சேவை இரண்டு ஆண்டு. ஆகவே குறைந்தது இரண்டு ஆண்டு கழிந்து, அதற்கு மேலும் சில மாதம் ஆகியிருக்க வேண்டும். பலகையில் கிறிஸ்துமஸ். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் நீண்ட விடுமுறை டிசம்பரில்தான். பிப்ரவரியில் தொடங்கிய மூன்றாண்டுப் படிப்பு முடிவதும் மூன்றாவது ஆண்டின் டிசம்பருக்குள்தான். கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது.

மழையை மட்டும் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை உண்டு என்பது உண்மை. ஆனால் மழை பெய்யாத மாதம் என்று ஒன்று இந்தத் தீவில் இல்லை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சாட்சியெல்லாம் அவள் வந்தாள் என்பதற்கு. வந்தது வேறு, சேர்ந்தது வேறு. விடுமுறைக்கு வந்தவள் தோழியாகக் குடை பிடித்திருக்கலாம். 'சேர்ந்தார்கள்' கட்சிக்காரர் பெரும்பாலும் இந்தப் படியைத் தாவிக் கடந்துவிடுவார். சண்டைக்கான காரணம் படத்தில் எங்காவது தீர்ந்ததா என்று கேளுங்கள். தீரவில்லை என்றால் அவர் பார்த்ததைச் சொல்லவில்லை, ஆசைப்பட்டதைச் சொல்கிறார்.

பிரிந்தார்கள் என்றால்

முகம் தெரியவில்லை, செய்தி அனுப்பப்படவில்லை, இத்தனைக்கும் மேல் வாழ்க்கை அப்படித்தான். மூன்றாவது காரணம் செல்லாது. சோகமான பொருள்கொள்வதுதான் முதிர்ச்சி என்ற எண்ணம் விமர்சனம் எழுதுபவர்களிடம் கொஞ்சம் அதிகம். சோகத்துக்கும் அதே அளவு சாட்சி வேண்டும். நம் படத்தில் இந்தக் கட்சி சிவப்பு நூல் குடைக்கு விளக்கம் தர முடியாமல் நிற்கிறது. அல்லது 'அதெல்லாம் அவன் கற்பனை' என்று மூன்றாவது கட்சியிடம் அடைக்கலம் போகிறது.

நினைவு அல்லது கற்பனை என்றால்

இருப்பதிலேயே மலிவான விளக்கம் இது. ஆகவே மிக ஆபத்தானதும் இதுதான். எந்தக் காட்சி இடித்தாலும் 'அது கனவு' என்று சொல்லித் தப்பிவிடலாம். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கனவுப் பாட்டு பழகிப்போனது என்பதால் மனமும் எளிதாக அந்தப் பக்கம் சாயும்.

ஆகவே ஒரு நிபந்தனை போட வேண்டும். கடைசிக் காட்சி கற்பனை என்பவர், இதே படம் இதற்கு முன் கற்பனையை எப்படிக் காட்டியது என்று சுட்ட வேண்டும். நிறம் மாறியதா, ஒலி மங்கியதா, கேமரா நகரும் விதம் மாறியதா? முன்னால் ஒருமுறைகூடக் கற்பனையே காட்டாத படம் கடைசி நிமிடத்தில் முன்னறிவிப்பின்றி அதைச் செய்திருந்தால், அதை நிரூபிக்கும் பொறுப்பு சொல்பவருடையது.

முறையாகச் செய்த படத்துக்குச் சான்று கௌதம் மேனனின் 'விண்ணைத்தாண்டி வருவாயா'. கல்யாணம் நடக்கிறது என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருப்போம். அது கதைக்குள் நாயகன் கார்த்திக் எடுத்த படத்தின் முடிவு என்பது பிறகு தெரியும். கதைக்குள் கதை என்று படமே வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது, யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. அதே நாளில், 2010 பிப்ரவரி 26இல், அதே கதை தெலுங்கில் 'ஏ மாய சேசாவே' என்று வெளிவந்தது. அதில் காதலர்கள் உண்மையிலேயே சேர்ந்துவிடுகிறார்கள். ஒரே இயக்குநர், ஒரே கதை, இரண்டு முடிவு. தமிழ்ப் படத்தின் முடிவுக்குத் தெலுங்குப் படத்தைச் சாட்சியாகக் கொண்டுவருபவரைப் பார்த்தால் இதை நினைவுபடுத்துங்கள்.

நம் படத்துக்கு வருவோம். 'நினைவு' என்ற பாதி உடனே அடிபடுகிறது. முதல் மழையில் நூல் வெள்ளை, கவினின் முடி மாணவனின் முடி. கடைசி மழையில் நூல் சிவப்பு, முடி நீளம். நடந்ததை அவன் திரும்ப நினைக்கவில்லை. 'கற்பனை' என்ற பாதி அடிபடவில்லை. சிவப்பு நூலைத் தெரிந்தவன் சிவப்பு நூலோடுதான் கற்பனை செய்வான். இங்கேதான் மூன்றாவது முறை, திரையை மூடிக் கேட்டது, கைகொடுக்கிறது. கடைசிச் சிரிப்புக்குப் பின்னால் மிக மெல்லிய ஐஸ்கிரீம் மணி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை மழையில் வண்டிக்காரர் யாரும் திரையில் இல்லை. முதல் காட்சியின் சிரிப்பை அப்படியே எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது இன்று, காதில் கேட்பது அன்று.

ஒரு தடயம் போதுமா?

நூலின் நிறம் மாறியது கலை உதவியாளரின் கைத்தவறாகவும் இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. படப்பிடிப்பு கதை வரிசையில் நடப்பதில்லை. கடைசிக் காட்சியை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுவதுண்டு. கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் ஏறி இறங்குவதும், சட்டைப் பொத்தான் போட்டும் போடாமலும் தெரிவதும் அதனால்தான்.

இதற்குக் கைக்கொள்ளத்தக்க விதி ஒன்று உண்டு. தவறு பெரும்பாலும் ஒரே துறைக்குள் நடக்கும். கலைத் துறை நூலை மாற்றிக் கட்டிவிடலாம். அதே சமயம் ஒப்பனைத் துறை முடியையும், விளம்பரப் பலகை வைத்தவர் மாதத்தையும் ஒத்திசைவாகத் தவறவிட வாய்ப்பு குறைவு. ஆகவே வெவ்வேறு துறையிலிருந்து இரண்டு தடயமாவது ஒரே திசையைக் காட்டினால்தான் எண்ணிக்கையில் சேருங்கள். நூல், முடி, விளம்பரம் மூன்றும் 'இது பிற்காலம்' என்கின்றன. சேர்த்துக்கொள்ளலாம். மணி தனியாக நிற்கிறது; ஒலிப்பதிவில் சிரிப்பு சரியாக அமையாமல் பழையதையே பயன்படுத்தியிருக்கவும் கூடும். ஆகவே அதை அரைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

காதலின் ஒவ்வொரு நிலையையும் (உரிப்பொருள்) ஒரு நிலத்தோடும் பொழுதோடும் இணைக்கும் நம் அகத்திணை மரபைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். நெய்தலுக்குப் பொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம், உரிப்பொருள் இரங்கல். மாலை மழையில் முடியும் படம் முல்லை, அதாவது வருவார் என்று ஆற்றியிருப்பது, என்று வாதிடலாம். அழகான வாதம்தான். இதில் இன்னொரு ஆறுதலும் உண்டு: தலைவன் வந்தானா என்று சொல்லாமலே காத்திருப்பில் நின்றுவிடும் பாட்டுகள் சங்கப் பாடல்களில் ஏராளம், அவற்றை யாரும் முடியாத பாட்டு என்று குறை சொன்னதில்லை. ஆனால் படம் முன்பே நிலத்தையும் பொழுதையும் திட்டமிட்டுப் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே இந்த வாதம் நிற்கும். ஒரே ஒரு மழைக்காட்சியை வைத்துத் திணை சொல்வது ஒப்பனை.

விடையில்லை என்றால்

நான்காவது இடத்துக்குச் சோம்பேறிகளும் வருவார்கள், உழைத்தவர்களும் வருவார்கள். வேறுபாடு இதுதான்: உழைத்தவர் எது தெரியும், எது தெரியாது என்று கோடு கிழித்துக் காட்டுவார். 'எதுவும் தெரியாது' என்பவரை நம்ப வேண்டாம். நம் படத்தில் காலம் தெரியும், மாதம் தெரியும், குடை எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று.

இயக்குநரைக் கேட்டால்

ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'பிஃபோர் சன்ரைஸ்' 1995இல் வந்தது. வியன்னாவில் ஓர் இரவைச் சேர்ந்து கழித்த இருவர், ஆறு மாதம் கழித்து அங்கேயே சந்திப்போம் என்று பேசிக்கொள்வதோடு அது முடியும். சந்தித்தார்களா என்பதற்குப் பதில் 2004இல் 'பிஃபோர் சன்செட்' படத்தில்தான் வந்தது: அவன் வந்தான், அவள் பாட்டியின் இறுதிச் சடங்கால் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டாம் படம் தொடங்குவதே இதே கேள்வியோடுதான். நாயகன் அந்த இரவை நாவலாக எழுதியிருக்கிறான். அவர்கள் மறுபடி சந்தித்தார்களா என்று செய்தியாளர்கள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதே நீங்கள் யார் என்று காட்டிவிடும் என்ற பொருளில் அவன் நழுவுகிறான்.

பிற்படம் வந்த பிறகு முற்படத்தின் கதை தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒன்பது ஆண்டுகள் அந்த முதல் படம் பதிலின்றித்தான் நின்றது, நிற்கவும் முடிந்தது. பேட்டியும் அப்படித்தான். இயக்குநர் சொன்னதைப் படத்தில் சுட்ட முடிந்தால் சாட்சி. முடியாவிட்டால் அது இன்னொரு ரசிகரின் கருத்து, கொஞ்சம் மதிப்புள்ள கருத்து, அவ்வளவே. கட்டுரை எழுதும் மாணவர் பேட்டியை மேற்கோளாகத் தந்து வாதத்தை முடித்துக்கொண்டால், சொந்தமாகப் படத்தைப் பார்த்ததற்கு அடையாளமே இருக்காது.

சப்டைட்டில் சொல்லாதது

இங்கே அரங்கில் பாட்டி காதால் படம் பார்ப்பார், பேரன் ஆங்கில சப்டைட்டிலால் பார்ப்பான். முடிவைப் பற்றிய சண்டையில் பாதி இந்த இரண்டுக்கும் இடையில்தான் பிறக்கிறது.

தமிழில் விடைபெறுபவர் "போறேன்" என்று சொல்வதில்லை. "வரேன்", "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார். "போறேன்" என்றால் கோபம், அல்லது அதைவிட மோசமானது. ஆங்கில வரியில் இரண்டும் ஒரே விடைபெறும் சொல்லாகிவிடும். நீங்க என்றிருந்தது நீ ஆவதும், நீ மறுபடி நீங்க ஆவதும் அந்த வரியில் தெரியவே தெரியாது. நீங்க என்று திரும்பியவள் எத்தனை தூரம் போய்விட்டாள் என்பது பாட்டிக்கு மட்டும் புரியும்.

மீரா சண்டையில் "போறேன்" என்று சொல்லியிருக்கிறாள். சாங்கியில் "வரேன்" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது, நம்பிக்கையான பொருளே போதும். மறுபடி "போறேன்" என்றிருந்தாலும் கதை முடிந்தது. அவள் இரண்டையும் விட்டுவிட்டு "பார்க்கலாம்" என்கிறாள். சப்டைட்டில் அதை மீண்டும் சந்திப்போம் என்ற வாக்குறுதியாகப் போட்டுவிட்டால், பேரன் வாக்குறுதியைக் கேட்கிறான். பாட்டி கேட்பது வேறு. கடன் கேட்டவரிடமும், பெண் பார்க்க வந்தவரிடமும் இதே "பார்க்கலாம்"தான் சொல்லப்படும். அங்கே அதற்கு என்ன பொருள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே நம் படத்துக்கு எந்தப் பக்கம் நிற்பது? ஒவ்வொரு கட்சியும் எந்த ஷாட்டைத் தூக்கி எறிகிறது என்று பாருங்கள். 'சேர்ந்தார்கள்' மணியையும் தீராத சண்டையையும் எறிகிறது. 'பிரிந்தார்கள்' குடையை எறிகிறது. 'கற்பனை' எதையும் எறியவில்லை, ஆனால் நிபந்தனையில் தோற்றது. படம் வேறெங்கும் கற்பனை காட்டவில்லை. எதையும் எறியாமல் நிற்பது இதுதான்: மூன்றாம் ஆண்டு டிசம்பரில் அவர்கள் சந்தித்தார்கள், அவள் பக்கத்தில் நிற்கும்போதும் அவன் காதில் கேட்பது பழைய மீராவின் சிரிப்பு, இனி என்ன ஆகும் என்பதைப் படம் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்ற சொல்லின் ஒரு பொருள் நிறைவேறிவிட்டது, மற்றொன்று அப்படியே இருக்கிறது.

கட்டுரைக்கு இந்த நிலைப்பாடு நன்றாக வரும். முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு மூன்று தடயத்தை ஒவ்வொரு பத்தியாக எடுக்கலாம். அரைச் சாட்சியான மணியை மறைக்காமல் கடைசியில் வையுங்கள். இருநூறு சொல் விமர்சனத்துக்கு இது பொருந்தாது. அங்கே முடிவைச் சொல்லாமல் விடுவதே படம் பார்க்கப் போகிறவருக்குச் செய்யும் மரியாதை.

கலந்துரையாடல் நடத்துபவருக்கு வரிசை முக்கியம். முதலில் கை தூக்கச் சொல்லி எண்ணாதீர்கள். எண்ணிவிட்டால் எல்லோரும் தம் கட்சியைக் காக்கத் தொடங்கிவிடுவார்கள், யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள். முடியிலிருந்து தொடங்குங்கள். தேசிய சேவை முடித்த யாராவது ஒருவர் மாதக் கணக்கைச் சொல்லிவிடுவார். அடுத்து குடை. கடைசியாகச் சாங்கி வாசல் காட்சியை, அந்தச் சில நொடிகளை மட்டும், சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு முன்வரிசையில் இருக்கும் பாட்டியிடம் மைக்கைக் கொடுத்து, "இந்தப் பொண்ணு என்ன சொல்லிட்டுப் போறா?" என்று கேளுங்கள்.